ஐந்து கட்டையில் ஒரு தாலாட்டு

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில் வைக்க மாட்டேன். மோர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது. ஐஸ்கிரீமை ஜனவரிக்குத் தள்ளிவைக்கிற வீடு சாந்தோமிலேயே இது ஒன்றுதான் என்று என் கணவர் கேலி செய்வார். என் மகன் ஆஸ்வின் சின்ன வயதில் இதற்காக அழுதிருக்கிறான். பாடுகிறவர்கள் வீடு அப்படித்தான் இருக்கும். தொண்டையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள் பாட வரக்கூடாது.

நீங்கள் தயாரித்திருக்கும் அறிக்கையை நேற்று உங்கள் ஏட்டு வீட்டுக்கு வந்து படித்துக் காட்டினார், மேடம். நல்ல தமிழ். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் என்பதால் சொல்கிறேன். ஆனால் அதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆஸ்வினிடம் சொல்லவில்லை. மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து படுத்திருக்கிறான், எழுப்ப மனம் வரவில்லை.

என் மருமகள் பிரிஸில்லா கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை ஆவி பிடிக்கும்போது பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோனாள், விபத்து, என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்வின் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் அங்கே இல்லை. ஆனால் நான் திருத்த வந்தது அந்த வரியை அல்ல. அது வேறு வரி. அதைச் சொல்வதற்கு முன்னால் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'வைக்கோல் மெத்தையில் வானம் உறங்குது.' டிசம்பரில் தி. நகரில் எந்தத் துணிக்கடைக்குப் போனாலும் ஸ்பீக்கரில் வரும், புல்லாங்குழலிலோ கிடாரிலோ. லிஃப்டில் வரும். கார் பின்னால் எடுக்கும்போது ரிவர்ஸ் ஹாரனில் வரும். அதை எழுதி மெட்டுப் போட்டவர் என் கணவர் ஞானதாஸ். மெட்டுப் போட்டவர் என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டேன் என்பார்.

கல்யாணமான புதிதில் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். மாடியில் சந்திரிகா என்று திருநெல்வேலிக்காரப் பெண். அவள் புகுந்த வீட்டுக்கு தி. நகரில் நகைக்கடை. அவளுக்குக் கைக்குழந்தை. மத்தியானம் குழந்தையைத் தூங்கவைக்க ஒரு பழைய நீலாம்பரிக் கீர்த்தனையைப் பாடுவாள், சொற்களை விட்டுவிட்டு ஆராரோ போட்டு. முறையாகக் கற்றுக்கொண்டவள். சமையலறை ஜன்னல் வழியாக அது எங்கள் வீட்டுக்குள் இறங்கும். ஞானதாஸ் கணக்கு வாத்தியார், கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். விடுமுறை நாட்களில் ஜன்னலுக்கு அடியில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு தேடுவார். நீலாம்பரி ராகம் சங்கராபரணத்தின் பிள்ளை. ஒரு கட்டைச் சுருதியில் வைத்துப் பார்த்தால் எல்லாம் வெள்ளைக் கட்டைதான், ஏதோ இங்கிலீஷ் கீதம் மாதிரி நேராகக் கிடக்கும். காந்தாரம் என்கிற சுரத்தைக் கொஞ்சம் ஆட்டினால்தான் தொட்டில் ஆடும். ஆர்மோனியம் ஆடாது. அதனால் அந்த ஆட்டத்தை அவர் என் தொண்டையில் வைத்தார். இதை அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார். கட்டையில் இருப்பது பாதிப் பாட்டு, மீதி என் ஜூலியட்டிடம் இருக்கிறது, என்று.

சில வருடம் கழித்து சந்திரிகாவைக் கடைவீதியில் பார்த்தேன். அவர்கள் கடையிலேயே இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள், "எங்க சாமியத் தூங்கவச்ச பாட்டு, இப்ப ஒங்க சாமியையும்லா தூங்கவைக்கி. தூங்கட்டும், யார் தூங்குனா என்ன." நல்ல மனசு.

எங்கள் கோயில் சின்னது, கடலைப் பார்த்த சந்தில் இருக்கிறது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் பூசையில் விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். பங்குச் சாமியார் பட்டுத்துணியை விலக்கி பாலன் இயேசுவின் சுரூபத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுவழியாகக் குடில் வரைக்கும் மெதுவாக நடப்பார். அந்த நடைக்கு ஒரே ஒரு குரல். முதல் சரணம் முழுக்க அந்தக் குரல் தனியாகப் பாடும். பாலனை வைக்கோலில் கிடத்தியதும் விளக்கு எரியும், கொயர் முழுக்கச் சேர்ந்துகொள்ளும். பாட்டு பிறந்த வருடத்திலிருந்து அந்த ஒரு குரல் என்னுடையது. 'வானம்' என்கிற இடத்தில் அது மேல் காந்தாரத்துக்குப் போய் நின்று ஆடி இறங்கும். இருட்டில், அவ்வளவு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஞானதாஸ் செத்த வருடமும் பாடினேன். அடக்கம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு நான் அழவில்லை, கோயில்தான் அழுதது.

ஒரே ஒரு வருடம் பாடவில்லை, டைஃபாய்டு. அப்போது ஐரின் பாடினாள். என் வயதுக்காரி, நல்ல சிநேகிதி. அடுத்த வருடம் அவள் சாமியாரிடம் போய், வருடம் விட்டு வருடம் பாடலாமே என்று கேட்டிருக்கிறாள். பிறகு பாடகர் மாடத்துப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இப்போதும் கம்பு வைத்துத்தான் நடக்கிறாள். இதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பீடத்து மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி அந்தப் படிகளில் தேய்த்தது நான்தான். ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருந்தால் அவள் விழுந்திருக்க மாட்டாள். அவளுக்கு எப்போதும் அவசரம். பாட்டிலும் அப்படித்தான், தாளத்துக்கு முன்னால் ஓடுவாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினம் கஞ்சி கொண்டுபோனது நான். வேண்டுமானால் அவளைக் கேளுங்கள்.

பிரிஸில்லாவைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. அடையாறில் வளர்ந்த பெண். பியானோவில் லண்டன் பரீட்சையெல்லாம் எழுதியவள். தோசை கருகும் வாசனையைவிடச் சுருதி பிசகுவது அவளுக்குச் சீக்கிரம் தெரியும். மிக்ஸி எந்தச் சுரத்தில் ஓடுகிறது என்று சொல்லிச் சிரிப்பாள். ஆஸ்வினை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். என்னை அத்தை என்று கூப்பிடும்போது அதில் நடிப்பு இருக்காது. வந்த முதல் கிறிஸ்துமஸுக்கே கொயரில் சேர்ந்தாள், இரண்டாம் வரிசையில் அடக்கமாக நின்றாள். நான் பாடி முடித்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கியதும் ரொனால்ட் வீட்டுக்கு வந்தான். கீபோர்டு வாசிக்கிறவன், ஞானதாஸுக்குப் பிறகு கொயரை நடத்துகிறவன். குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன், நாற்பது தாண்டியும் எனக்கு அவன் பையன்தான். கையில் பிளம் கேக் வைத்திருந்தான். அவன் சும்மா கேக் வாங்குகிற ஆள் இல்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லுவேன், கோச்சிக்கக் கூடாது."

சொல்லு என்றேன்.

"இந்த வருசம் நம்ம பிரிஸில்லா பாப்பாவ பாட வுட்டுப் பாக்கலாம்னு ஃபாதர் சொல்றாரு. நீயும் எத்தினி வருசமா நின்னுக்கினு கீற. கால் வலிக்காதா?"

"நான் காலாலா பாடுகிறேன், ரொனால்ட்?"

"உன் வாய்க்கு பூட்டு செஞ்சவன் இன்னும் பொறக்கலக்கா," என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ முன்னாடி உக்காந்து ஆசீர்வாதம் பண்ணு. அது போதும்," என்றான்.

நான் கேக்கை வெட்டி அவனுக்கும் பிரிஸில்லாவுக்கும் கொடுத்தேன். பிரிஸில்லா வாங்கவில்லை. அத்தைதான் பாட வேண்டும், நான் மாட்டேன் என்று அவனிடம் சண்டை பிடித்தாள். உண்மையாகவே பிடித்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, வயதாகிறது, வழிவிட வேண்டியதுதான் என்றுகூட எனக்கு அப்போது தோன்றியது. இதை எழுதிக்கொள்ளுங்கள். அந்த நிமிஷம் வரைக்கும் என் மனதில் அவளுக்கு விரோதமாக எதுவும் இல்லை.

அவன் போன பிறகு அவள் சமையலறைக்கு வந்தாள். நான் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு, கல்கலுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று, கொஞ்ச நேரம் மாவைக் கிள்ளி உருட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. பழைய கேசட்டுல நீங்க அஞ்சு கட்டையில பாடியிருக்கீங்க. இப்போ ரெண்டரைகூட இல்ல. ரொனால்ட் அங்கிள் கீபோர்டுல ட்ரான்ஸ்போஸ் பட்டன் போட்டு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா எறக்கிக்கிட்டே வந்திருக்காரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

உங்களுக்கு இது புரிய வேண்டும் என்பதால் விளக்குகிறேன். கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வாசிக்கிறவன் விரலை மாற்ற வேண்டாம், முழுப் பாட்டும் கீழே இறங்கிவிடும். படிக்கட்டைக் கழற்றிவிட்டு மாடியைத் தரைக்குக் கொண்டுவருவது மாதிரி. ஏறுகிறவளுக்கு ஏறின மாதிரியே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை பாடுகிற பாட்டில் அரைக்கட்டை குறைந்தால் யாருக்குத் தெரியும்? கச்சேரியில் பாடகிக்குத்தான் சுருதி, தம்புராவும் பிடிலும் அவளுக்கு ஏற்றபடி சேர்ந்துகொள்ளும். ஞானதாஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்த மரியாதை அது. அதனால் கீபோர்டு என்ன சுருதி கொடுக்கிறது என்று நான் சந்தேகப்பட்டதே இல்லை. அறுபதைத் தாண்டியும் என் குரல் தேயவில்லை, ஆண்டவர் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸும் முழந்தாள் போட்டு நன்றி சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ரொனால்டுக்குத் தெரியும், ஐரினுக்குத் தெரியும், சாமியாருக்குக்கூடத் தெரியும். என்மேல் இருந்த பிரியத்தால் யாரும் சொல்லவில்லை.

எனக்கு அப்போதும் கோபம் வரவில்லை. இது ரொனால்டின் தவறு. அவன் தேவையில்லாமல் இறக்கியிருக்கிறான். இறக்காமல் விட்டிருந்தால் நான் ஐந்து கட்டையிலேயே பாடிக்கொண்டு இருந்திருப்பேன். குரல் என்பது பழக்கம்தானே.

அதன் பிறகு அவள் சொன்னதுதான். என் தோளில் கை போட்டுக்கொண்டு, மாவு ஒட்டிய கை, குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரிச் சொன்னாள்.

"நீங்களே முன்னாடி நில்லுங்க அத்தை. நான் தூணுக்குப் பின்னாடி நின்னு பாடிடறேன். நீங்க வாய மட்டும் அசைங்க. இருட்டுலதானே, யாருக்குத் தெரியப்போவுது? நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

நல்ல யோசனை, பார்க்கலாம் என்றேன். கல்கலைப் பொரித்தேன். இந்த வருடக் கல்கல் நன்றாக வந்திருந்தது, ஆஸ்வின் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அவளுக்குச் சளி பிடிக்க நான் எதுவும் செய்யவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள்களில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நல்லது, அதனால் குளிக்கச் சொன்னேன். தலை ஈரமாக இருக்கும்போதே மொட்டை மாடியில் நட்சத்திரம் கட்டச் சொன்னேன், அதுவும் இருட்டுவதற்குள் கட்டிவிட வேண்டும் என்பதற்காக. கடல் காற்று அடிக்கத்தான் செய்யும். அவள் நட்சத்திரத்தைக் கட்டி, அதற்குள் பல்பை எரியவிட்டு, கீழே இருந்து பார்க்க எப்படி இருக்கிறது என்று கத்திக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். மறுநாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, அவளுக்குக் குரல் கட்டியிருந்தது.

எங்கள் கோயிலில் தமிழ்ப் பூசையை இப்போது மாலை ஏழு மணிக்கே வைத்துவிடுகிறார்கள், நள்ளிரவு இங்கிலீஷுக்கு. அதனால் நான்கு மணிக்கெல்லாம் ஆவி பிடித்துவிடு, தொண்டை திறந்துவிடும் என்று அவளிடம் சொன்னேன். ஆஸ்வினை அடையாறுக்கு அனுப்பினேன், அவள் அம்மா வீட்டுக்குப் பலகாரம் கொடுக்க. அன்றைக்கு அடையாறு பாலத்தைத் தாண்டி வர எவ்வளவு நேரமாகும் என்று சென்னையில் யாருக்கும் தெரியும். அவன் வாங்கித் தந்திருந்த மின்சார ஆவிக் குடுவையைக் காலையிலேயே பரணில் தூக்கி வைத்திருந்தேன், கெட்டுப்போய்விட்டது என்று. அதில் தண்ணீர் ஒரு டம்ளர்தான் கொள்ளும். மயிலாப்பூர் மார்க்கெட்டில் நொச்சி இலை வாங்கியிருந்தேன். பிரியாணிக்கு வைத்திருக்கும் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, இலையைப் போட்டு, மஞ்சள் போட்டு, கொதிக்கவிட்டேன்.

இதையெல்லாம் கேட்டால் திட்டமிட்டதுபோல இருக்கும் என்று எனக்குத் தெரியும். பண்டிகை நாளில் ஒரு வீட்டை நடத்துகிறவள் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைப்பாள், அவ்வளவுதான்.

கூடத்தில் தரையில் பாத்திரத்தை வைத்தேன். அவள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். நானே கம்பளிப் போர்வையை எடுத்து அவள் தலையையும் பாத்திரத்தையும் சேர்த்து மூடினேன். உள்ளேயிருந்து, "சூப்பரா இருக்கு அத்தை, எங்கம்மாகூட இப்படி நொச்சி போட மாட்டாங்க," என்றாள். பிறகு மூச்சை இழுத்து, மெதுவாக, தனக்குத்தானே, தொண்டை திறக்கிறதா என்று பார்க்கிற மாதிரி அந்தப் பாட்டை ஹம் செய்தாள். கட்டின தொண்டையோடு. சளியோடு. அப்படியும் மேல் காந்தாரத்துக்குப் போனாள். போய், அதை ஆட்டினாள். நான் அவளுக்கு அதைச் சொல்லித் தந்ததே இல்லை, மேடம். பியானோ படித்த பெண்ணுக்கு அது வரக்கூடாது. அது என்னிடம் மட்டும் இருந்தது.

அவள் பின்னந்தலையில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன்.

போர்வைக்கு மேலே அழுத்தினேன். முதலில் அவள் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள், அதுவும் சூடுதானே, கையை எடுத்துவிட்டாள். நான் அவள் முதுகின்மேல் முழங்காலைப் போட்டுக்கொண்டேன். என் எடை அவளைவிட அதிகம். சத்தம் பெரிதாக இல்லை, தண்ணீருக்குள் சத்தம் வராது, பாத்திரம் திரும்பவும் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. போர்வை நனைந்து வெந்நீர் என் மணிக்கட்டுவரை ஏறியது. கையை எடுக்கவில்லை. ஒருமுறை அவள் தலையைத் திருப்பிவிட்டாள், போர்வை விலகியது. அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணைத் திறந்திருந்தாள், ஆனால் பார்க்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று அவள்தான் சொன்னாள். தலைமுடியைச் சுற்றிப் பிடித்துத் திரும்பவும் உள்ளே வைத்தேன், வாய் திறந்திருக்கும்போதே. தண்ணீர் உள்ளே போக வேண்டும் என்று நினைத்தேன். உயிரை எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. தொண்டை மட்டும்தான்.

அதனால்தான் அவள் கால் உதைப்பது நின்றதும் விட்டுவிட்டேன். பாத்திரத்தைச் சாய்த்துவிட்டு அவளைச் சுவர் ஓரமாகப் படுக்கவைத்தேன். தலைக்கு ஒரு தலையணைகூட வைத்தேன். மூச்சு இருந்தது. உள்ளே ஏதோ கிழிந்த மாதிரி ஒரு சத்தத்தோடு வந்து போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றாள். குரல் வரவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கதவைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஆஸ்வினிடம் வேறு சாவி இருக்கிறது. அவன் வந்து பார்த்தபோதும் அவளுக்கு உயிர் இருந்தது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். ஆம்புலன்ஸை முன்பே கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

சந்தனக் கலர்ப் பட்டு உடுத்தியிருந்தேன். கையை முந்தானைக்குள் வைத்திருந்தேன். ரொனால்ட் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். பாப்பா எங்கே என்றான். தொண்டை போய்விட்டது, நான்தான் பாடப்போகிறேன் என்றேன். அவனுக்குப் பாவம், நிம்மதியா கவலையா என்று தெரியாத ஒரு முகம்.

"அக்கா, கையில இன்னாது?"

"சுடுதண்ணி."

"எத்தினி கட்டைல வெக்கட்டும்?"

"ஐந்தில் வை."

"அக்கா, வோணாம்க்கா."

"ஐந்து," என்றேன்.

விளக்கை அணைத்தார்கள். சாமியார் பாலனை எடுத்துக்கொண்டு பீடத்திலிருந்து இறங்கினார். பீடப்பையன்கள் இரண்டு மெழுகுவர்த்தியோடு முன்னால் நடந்தார்கள். ரொனால்ட் சுருதி கொடுத்தான். அந்தச் சுருதியை நான் எத்தனையோ வருடமாகக் கேட்கவில்லை என்பது அது காதில் விழுந்தவுடனே தெரிந்தது. அது என் வீடு மாதிரி இருந்தது. ஆரம்பித்தேன். தாளத்துக்காகக் கையை வெளியே எடுத்தேன், எனக்குத் தாளம் போடாமல் பாட வராது. மெழுகுவர்த்தி பக்கத்தில் வந்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள் என் கையைப் பார்த்தார்கள். தோல் கையுறை மாதிரி விரல் நுனிவரை கழன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதை நானே அப்போதுதான் பார்த்தேன். வலிக்கவில்லை. 'வானம்' வந்தது. போனேன். முழுமையாகப் போய், அங்கேயே நின்றேன். ரொனால்ட் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். இனி எனக்குத் துணை வேண்டாம் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. சாமியார் நடுவழியில் பாலனை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஒருவரும் அசையவில்லை. அப்படி ஒரு அமைதியை ஞானதாஸ் இருந்த காலத்தில்கூட நான் கேட்டதில்லை.

இனி உங்கள் அறிக்கையில் இருக்கும் தவறு. கடைசிப் பத்தியில், 'மருமகளைக் காப்பாற்ற முயன்று காயமடைந்த மாமியார், அதிர்ச்சியில் சுயநினைவிழந்த நிலையில் ஆலயத்துக்குச் சென்று கூச்சலிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகையிலும் அப்படியே வந்துவிட்டது. பங்கு மக்கள் வீட்டுக்கு வந்து என் தலையைத் தடவி, பாவம், புத்தி பேதலித்துக் கத்தியிருக்கிறாள் என்கிறார்கள். ஐரின் கம்பை ஊன்றிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து அழுதாள். ரொனால்ட், "வுடுக்கா, அது நீ பாடுனதே இல்ல, யாரும் அத்த கணக்குல வெக்க மாட்டாங்க," என்கிறான்.

நான் கூச்சலிடவில்லை. பாடினேன். முழு நினைவோடு பாடினேன். அந்த ஒரு வரியை மட்டும் மாற்ற முடியுமா என்று உங்கள் ஏட்டிடம் கேட்டேன். அதை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டிவரும்மா, நினைவோடு பாடினவங்க அதுக்கு முன்னாடி செஞ்சதையும் நினைவோடதானே செஞ்சிருக்கணும், என்றார். நியாயமாகத்தான் பட்டது. ராத்திரி யோசித்துப் பார்த்தேன். சரி, இரண்டையும் எழுதுங்கள். பிரிஸில்லாவைக் கொன்றது நான். பாத்திரம் கவிழவில்லை, நான் சாய்த்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், இந்தக் கட்டோடு பேனா பிடிக்க வராது, கைநாட்டுக்கும் விரலில் தோல் இல்லை, ஏதாவது வழி இருக்கும்.

நீங்கள் ஃபோனில் வைத்திருக்கும் அந்த வீடியோவை நானும் பார்த்தேன், யாரோ பின்வரிசையிலிருந்து எடுத்தது. 'வானம்' என்கிற இடத்தில் ஒரு அலறல் கேட்கிறது, அது நான்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது கூட்டத்தில் யாரோ பயந்து அலறியது. சத்தத்தைக் கூட்டி வைத்து இன்னொரு முறை கேளுங்கள், மேடம். அந்த அலறலுக்கு அடியில், மெல்லிசாக, நான் பாடிக்கொண்டிருப்பேன்.